தாய்மாமன் வைத்த புள்ளி

காசிநாதன் தன் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை, வைததில்லை, முறைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீ குடித்துக்கொண்டே, போனில் ஒரு புள்ளியை வைத்து, கூடப் பிறந்த தங்கச்சி குடும்பத்தையே கதிகலங்க அடித்துவிட்டார். அடித்தது அவருக்கே தெரியாது. தெரிந்து அடித்திருந்தாலாவது மனுஷனுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்.

தங்கச்சி ஜெயம்மாளின் மகள் கோமுகிக்குக் கல்யாணம். கச்சிராயபாளையத்தில் அணைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அணை நிரம்பி வழிந்த வருஷம் பிறந்தவள் என்று ஆற்றின் பெயரையே பெண்ணுக்கு வைத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவர் வீட்டார் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் இங்கிலீஷ்தான்.

இந்தப் பக்கத்து இங்கிலீஷ் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கோமுகியின் அப்பா பொன்னுரங்கம், வார்த்தைக்கு வார்த்தை நடுவில் மல்லாட்டை விதைக்கிறமாதிரி புள்ளி விதைப்பார். 'குட் மார்னிங்.......ஆல்.......மண்டபம்.......புக்டு.......' என்று போகும். ஜெயம்மாள் கும்பிடுகிற கை மட்டும் அனுப்புவாள். கோமுகியோ ஒரு புள்ளி, ஒரு கமா வைக்கமாட்டாள். வரியை அப்படியே அந்தரத்தில் விட்டுவிடுவாள். சந்தோஷம் வந்தால் மட்டும் ஆச்சரியக்குறியைக் கொத்தாக அள்ளிப் போடுவாள். மொத்தக் குழுவிலும் இலக்கண சுத்தமாக இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் காசிநாதன் ஒருவர்தான். வினையே அதில்தான் வந்தது.

அன்றைக்குக் கோமுகி போட்டிருந்தாள்: முகூர்த்தப் புடவை எடுக்க வியாழக்கிழமை போகிறோம், மாமா கண்டிப்பாக வரவேண்டும் என்று, கடைசியில் ஒரு கொத்து ஆச்சரியக்குறியோடு. காசிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருமகளுக்குப் பதில் என்பதால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார்.

'நோட்டட். ஐ வில் கம்.'

குழு கப்சிப் என்று அடங்கிவிட்டது. அதுவரை லட்டா ஜாங்கிரியா என்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோமுகி கேட்டாள், 'மாமா ஆர் யூ ஓகே??'

நம் ஆளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பார், இவ்வளவு வேலைக்கு நடுவிலும் மாமன் உடம்பை விசாரிக்கிறாளே என்று நினைத்து, 'யெஸ்.' என்று போட்டுவிட்டு டீயை ஒரே மடக்காகக் குடித்தார்.

பற்றிக்கொண்டது அங்கேதான்.

காசிநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் அப்துல் ஜப்பாரின் ஜெராக்ஸ் கடை. அதில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மனு, அபிடவிட், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பது இவர் தொழில். முதலில் டைப்ரைட்டர் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். தொழில் நன்றாகவே நடந்தது. ஊரில் சண்டை இருக்கிறவரைக்கும் டைப்பிஸ்டுக்குச் சோறு இருக்கும்.

இங்கிலீஷ் எழுத்து மாறிக்கொண்டே வந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் வேலைக்கு வந்த காலத்தில் விலாசத்தில் வரிக்கு வரி கமா வேண்டும், கடைசி வரிக்குப் புள்ளி வேண்டும், இனிஷியலுக்குப் புள்ளி வேண்டும். கமாவை விட்டால் வக்கீல் பேப்பரைக் கிழித்து மூஞ்சியில் வீசுவார். அப்புறம் வந்த சின்ன வக்கீல்கள், "இன்னாத்துக்கு சார் இவ்ளோ கமா? பேப்பர் பூரா கொசு குந்தினாப்ல கீது" என்றார்கள். சரி என்று கமாவை எடுத்தார். இனிஷியல் புள்ளி போனது, கொடுத்துவிட்டார். ஆச்சரியக்குறி அவருக்கு எப்போதுமே தூரத்துச் சொந்தம். பழைய மெஷினில் அதற்கு எழுத்துக்கட்டையே கிடையாது; மேலே ஒற்றை மேற்கோள்குறி வைத்து, ஒரு எட்டு பின்னால் வந்து, அதன் கீழே ஒரு புள்ளி வைக்கவேண்டும். அதனால்தான் கோமுகி அள்ளிப் போடுகிற ஆச்சரியக்குறிகளைப் பார்க்கும்போதெல்லாம், 'நமக்காக இந்தப் பெண் எவ்வளவு மெனக்கெடுகிறது' என்று அவருக்குக் கண் கலங்கும்.

எதை விட்டுக் கொடுத்தாலும் கடைசிப் புள்ளியை மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. "புள்ளி வெக்காத வாக்கியம் தாப்பா போடாத வூடு மாதிரி. எவன் வேணா உள்ள பூந்து இன்னொரு வார்த்தைய வெச்சிட்டுப் போயிடுவான். நெலம் என்னுதுன்னு எழுதியிருப்பே. அப்பால பாத்தா, என்னுதல்லன்னு இருக்கும்" என்பார். இருபது பேர் இருக்கிற கல்யாணக் குழுவிலும் அதே எச்சரிக்கைதான். தாழ்ப்பாள் போடாமல் அவர் எழுந்திருக்கமாட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். கோமுகிதான் அவருக்கு எல்லாம். தாய்மாமன் என்ற முறையில் முகூர்த்த மேடையில் அவள் நெற்றியில் பட்டம் கட்டுவது ஒன்றுதான் அவர் ஆயுசுக்கும் எதிர்பார்த்த மரியாதை. பட்டத்தை முன்கூட்டியே தட்டானிடம் சொல்லிச் செய்துவைத்துவிட்டார். மஞ்சள் கயிற்றில் கோத்த மெல்லிய தங்கத் தகடு. மேடையில் கை நடுங்கி முடிச்சு நழுவிவிட்டால்? அதற்காகக் கூட்டமில்லாத நேரத்தில் ஜப்பாரை உட்கார வைத்து அவர் நெற்றியில் கட்டிக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த அம்மாள், தொப்பிக்குக் கீழே தங்கப் பட்டத்தோடு மெஷின் அருகில் நின்ற பாயைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

அந்த ஜப்பார்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் விஷயத்தை உடைத்தார்.

"இன்னா காசி, தங்கச்சி வூட்ல எதுனா தகராறா? ஒன் மச்சான் எனக்குப் போன் போட்டு, அவரு ஏன் கோவமாகீறாருன்னு கேக்கறாரு."

"கோவமா? எனக்கா?"

"குரூப்ல இன்னா போட்டே, காட்டு." வாங்கிப் பார்த்த ஜப்பார் உச்சுக்கொட்டினார். "அட மனுஷா! இப்பல்லாம் மெசேஜ்ல புள்ளி வெச்சா மூஞ்சில கதவச் சாத்தினதா அர்த்தம். எம் பொண்ணு கமர் ஜஹானுக்கு நான் ஓகேன்னு போட்டுப் புள்ளி வெச்சிட்டேன். ஹாஸ்டல்லேர்ந்து அழுதுகினே போன் பண்ணுது, அத்தா இன்னா தப்பு பண்ணேன்னு. காலம் மாறிப்போச்சுப்பா."

"புள்ளி எப்டி பாய் கோவமாவும்? அது முடிஞ்சிபோச்சுன்னு சொல்றதுக்கு."

"அதான் நானும் சொல்றேன். முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

காசிநாதன் பதறிப்போனார். தாய்மாமன் கோபம் என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டு சமாசாரமில்லை. எந்தக் கல்யாணத்திலும் ஒரு மாமன் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொள்வார். பத்திரிகையில் பேர் கீழே வந்துவிட்டது, காப்பி ஆறிப்போய் வந்தது என்று ஏதாவது இருக்கும். உடனே வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்த தட்டோடு சொந்தமெல்லாம் போய்க் கெஞ்சி அழைத்து வந்தால்தான் மேளம் தொடங்கும். அப்படிக் கோபித்துக்கொள்ளாத மாமனை ஊர் மாமனாகவே மதிக்காது. காசிநாதன் எந்தக் கல்யாணத்திலும் கோபித்துக்கொண்டதில்லை, எந்தத் தட்டும் அவரைத் தேடி வந்ததில்லை. ஆறிய காப்பியையும் குடித்துவிட்டு, நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வருவார்.

"ஒடனே சரி பண்ணிடறேன் பாய்" என்று போனை எடுத்து, வேர்த்து விறுவிறுத்து அடித்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா போட்டே?"

"ஐ ஆம் நாட் ஆங்ரின்னு போட்டுட்டேன்."

"புள்ளியோடவா?"

"புள்ளி இல்லாம எப்டி பாய்?"

ஜப்பார் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிமலையில் மனு நாள் முகாம். அதிகாரிகள் மலைக்கு வந்து மனு வாங்குவார்கள். மனு எழுதிக் கொடுக்க டைப்பிஸ்டுகளும் கூடவே போவார்கள். காசிநாதன் முதல் பஸ்ஸில் கல்வராயன் மலை ஏறிவிட்டார். மேலே ஏறினால் போன் செத்துவிடும். ஒரு வளைவில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான். கீழே குழுவில் கோமுகி கூப்பிடுகிறாள், பொன்னுரங்கம் புள்ளி புள்ளியாகக் கெஞ்சுகிறார், பெங்களூர்க்காரர்கள் 'இஸ் எவ்ரிதிங் ஃபைன்' என்று கேட்கிறார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடையில் விசாரித்தால் வெள்ளிமலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு புள்ளியை வைத்துவிட்டு மாமன் மலையேறிப் போய்விட்டார் என்றால் வேறு எப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

பத்து மணி வாக்கில் வெள்ளிமலை முகாமில், தார்ப்பாய்க்குக் கீழே, அம்மாசி என்ற மலைக்காரருக்கு மரவள்ளிக் காட்டுப் பட்டா விஷயமாக மனு அடித்துக்கொண்டிருந்தார் காசிநாதன். புர்ரென்று ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்பக்கப் பலகையைத் திறந்ததும் ஜெயம்மாள் இறங்கினாள், தலையில் துண்டோடு பொன்னுரங்கம் இறங்கினார், ரெண்டு பேர் கைத்தாங்கலில் சித்தி இருசம்மாள் இறங்கினாள். கடைசியாகத் தட்டு இறங்கியது. பெரிய பித்தளைத் தட்டு. அதில் சீப்புச் சீப்பாக வாழைப்பழம், ஆப்பிள், வேட்டி துண்டு, ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ்.

காசிநாதன் திடுக்கிட்டு எழுந்தார். "இன்னா ஜெயா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒன்னும் தெரியாதமாதிரி கேக்கறாரு பாரு" என்று பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ்ளோ கோவம் மச்சானுக்கு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்கள், விஷயம் புரிந்துவிட்டது. அம்மாசி தன் மனுவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காசிநாதன் பக்கத்தில் வந்து நின்றார். "தாய்மாமன் கோவம்னா சும்மாவா? மொதல்ல அத்தப் பேசி முடிங்க. பட்டா எங்க போவுது, எங்கப்பன் காலத்துலேர்ந்து வந்துகினேதான் கீது" என்றார். முகாமில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எனக்குக் கோவம்லாம்..." என்று காசிநாதன் ஆரம்பிப்பதற்குள் பொன்னுரங்கம் தட்டோடு முன்னால் வந்துவிட்டார்.

"தப்புதான் மச்சான், ஒத்துக்கறேன். பத்திரிகைல உங்க பேர எடுத்துட்டு, உற்றார் உறவினர்னு பொதுவாப் போட்டது நாந்தான். எடம் பத்தலன்னு பிரஸ்காரன் சொன்னான். யாரு பேர எடுக்கறதுன்னு யோசன பண்ணேன். உங்கள்து கைக்கு வந்துச்சு."

காசிநாதன் இன்னும் பத்திரிகையையே பார்க்கவில்லை. வாய் திறந்தபடி நின்றார்.

"கம்முனு கீறாரே, அதுக்கில்ல போலக் கீது" என்றார் அம்மாசி. "வேற இன்னா பண்ணீங்க? அடுத்த ஆளு வாங்க."

சித்தி இருசம்மாள் நடுங்கிக்கொண்டே வந்து காசிநாதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாவப்போற வயசுல மனசுல வெச்சிக்கக் கூடாதுடா காசி. வடக்கனந்தல்ல ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனமே, நெனப்பு கீதா? ஒனக்கு எடது காது கேக்காதுன்னு அவுங்க வூட்ல சொன்னது நாந்தாண்டா. எங்க நாத்தனா பொண்ண ஒனக்குக் கட்டி வெக்கலாம்னு பாத்தேன். அப்பால அவளும் வேற எடத்துல வாக்கப்பட்டுட்டா."

காசிநாதனுக்கு அந்த வடக்கனந்தல் வீடு கண் முன்னால் வந்தது. பெண்ணின் அப்பா எழுந்து சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, காதுக்குள் வாயை வைத்து, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று தெருவே அதிரக் கத்தினார். இவரும் மரியாதைக்கு, "குடிக்கறேன்" என்று மெல்லச் சொன்னார். ஏன் கத்தினார் என்று இவர் யோசித்து யோசித்து, அந்த வீட்டில் எல்லாருக்குமே காது மந்தம் போலிருக்கிறது, பாவம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். தாவணிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவோரம் நின்ற அந்தப் பெண் எவ்வளவு அழகாக இருந்தாள்! அடக் கடவுளே, ஒரு கிழவியின் ஒரு பொய்.

"அதுக்கும் இல்ல" என்றார் அம்மாசி, காசிநாதன் முகத்தையே பார்த்துக்கொண்டு. "உள்ள இன்னும் கீது."

ஜெயம்மாள் அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "பட்டம் கட்ற வெசயத்த ஒனக்கு யாருண்ணா சொன்னது?"

"இன்னா வெசயம்?"

"ஆழம் பாக்காதண்ணா. என்னால தாங்க முடில. சின்னதுரைய வெச்சி பட்டம் கட்டலாம்னு முடிவு பண்ணது வாஸ்தவம்தான்."

சின்னதுரை இருசம்மாளின் மகன், உளுந்தூர்பேட்டையில் லாரி வைத்து ஓட்டுகிறவன். முறைக்கு அவனும் மாமன்தான், ஒன்றுவிட்ட மாமன்.

"மண்டபம் அவன்தான் புடிச்சுக் குடுத்தான், வண்டிங்கள்லாம் அவன்துதான். நாந்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இல்லன்னா கோவிச்சுக்குவான். நீ..." ஜெயம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "நீதான் கோவிச்சுக்கவே மாட்டியேண்ணா. அதான் அன்னிக்கு மேடையில வெச்சி ஒங்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்."

காசிநாதனுக்கு வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. முதலில் பசி என்றுதான் நினைத்தார். பசி மேலே ஏறி நெஞ்சுக்கு வராது, காது மடல் சுடாது. பழக்கமில்லாததால் அது இன்னதென்று அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேணாண்ணா" என்று காலைப் பிடித்துக்கொண்டாள் ஜெயம்மாள். "நீயே கட்டு. ஒன்ன வுட்டா யாரு கீறா எம் பொண்ணுக்கு? சின்னதுரைகிட்ட நாங்க பேசிக்கறோம். இந்தத் தட்ட மட்டும் வாங்கிக்கோ."

எனக்குக் கோபமே இல்லை, அது வெறும் புள்ளி என்று சொல்லத்தான் காசிநாதன் வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. கோபம் இல்லையென்றால் பட்டமும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அம்மாசி ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே, "இப்ப நம்ம பட்டாவ அடிங்க" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினார் காசிநாதன். ஹார்லிக்ஸ் பாட்டில் வளைவுக்கு வளைவு உருண்டது. அவர் உள்ளேயும் ஒன்று உருண்டுகொண்டே இருந்தது. கோபித்துக்கொள்ள மாட்டான் என்பதற்காக ஒருத்தனுக்குக் கிடைக்கவேண்டியதைப் பிடுங்குவார்களா? அப்படியென்றால் இத்தனை வருஷம் நல்லவனாக இருந்ததற்கு என்ன அர்த்தம்? பத்திரிகையில் இடம் பத்தாவிட்டால் எடுத்துப் போடுவதற்கு ஒரு பெயர், அதுதானா?

சிக்னல் வருகிற வளைவில் போன் பொருமிப் பொருமி அத்தனை செய்தியையும் கக்கியது. கடைசியில் கோமுகி கேட்டிருந்தாள், 'மாமா ப்ளீஸ் சே சம்திங்'

சொல்லத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தார். 'ஐ வில் கம்' என்று அடித்தார். அதற்கு மேல் நிறைய இருந்தது. வருவேன், ஆனால் இதை மறக்கமாட்டேன். வருவேன், ஆனால் என் பெயர் எங்கே. வருவேன், ஆனால் என் காது நன்றாகவே கேட்கும். ஊரார் கோபத்துக்கெல்லாம் அவரிடம் இங்கிலீஷ் இருந்தது. நோட்டீஸ் நோட்டீஸாக அடித்துத் தள்ளியிருக்கிறார். சொந்தக் கோபத்துக்கு ஒரு வார்த்தை வரமாட்டேன் என்றது. விரல் தானாகப் புள்ளிக்குப் போனது. வேண்டாம், இன்னும் முடியவில்லை, தாழ்ப்பாள் போடக்கூடாது என்று விரலை இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைத் திறந்தபடியே விட்டு அனுப்பினார். அவர் எழுதியதிலேயே கோபமான வாக்கியம் அதுதான்.

போன் குதிக்க ஆரம்பித்தது. பூ, இதயம், ஆடுகிற பொம்மை. 'மாமா இஸ் கூல் நவ்' என்றாள் கோமுகி. 'சோ ஸ்வீட் அங்கிள்' என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. பொன்னுரங்கம் '.......தேங்க்.......காட்.......' என்றார். பஸ் கோமுகி அணையைத் தாண்டுவதற்குள் அவர் போனிலேயே வந்துவிட்டார்.

"மச்சான், புள்ளி இல்லாமப் போட்டீங்களாமே! கோமுகி காட்டிச்சு. வயித்துல பால வாத்தீங்க. கோவம் பூரா போச்சா?"

காசிநாதன் உருண்டு வந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் மச்சான், உங்க மனசு யாருக்கு வரும்? அதான்... தப்பா நெனக்கக் கூடாது. சின்னதுரைகிட்ட இப்பத்தான் பேசினேன். எகிறிக் குதிக்கிறாரு, மண்டபத்துக்குப் பூட்டு போடுவேன்றாரு. நீங்கதான் சமாதானமாயிட்டீங்களே. மொதல்ல பேசினமாதிரி அவரே பட்டம் கட்டிடட்டுமே? உங்களுக்கு மேடையில பொன்னாட போத்திடறோம், பெரிய பொன்னாட."

காசிநாதன் போனைக் காதிலிருந்து எடுத்தார். கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் பஸ் நின்று, ஆள் இறங்கி, ஆள் ஏறி, மறுபடி கிளம்பியது. தங்கச்சி வீட்டுக்குப் போகிற தெரு ஜன்னலில் வந்து பின்னால் போனது. அவர் இறங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஜெராக்ஸ் கடையில் ஜப்பாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜப்பார் சத்தம் போட்டார், சொந்தத் தங்கச்சியைத் திட்டுகிறமாதிரி திட்டினார். "இன்னா பண்ணப் போறே? புடவ எடுக்கப் போவணுமே இன்னிக்கி?"

காசிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குழுவைத் திறந்தார். வார்த்தை எதுவும் தேடவில்லை. அடிக்க வேண்டிய ஒரே கட்டையை நிதானமாகப் பார்த்து அடித்து அனுப்பினார்.

'.'

எட்டிப் பார்த்த ஜப்பார், "யா அல்லா" என்று ஒரு எட்டு பின்னால் போனார். "வெறும் புள்ளியாடா?"

"வெறும் புள்ளிதான் பாய்."

அந்தப் புள்ளி செய்த காரியத்தை ஒரு பக்கம் முழுக்க நோட்டீஸ் அடித்திருந்தாலும் செய்திருக்க முடியாது. கோமுகி புடவைக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். பொன்னுரங்கம் அதைப் பார்த்துவிட்டு, தான் இத்தனை நாள் விதைத்த புள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழிக்க முயன்றாராம். பெங்களூரில் மாப்பிள்ளையின் அம்மா, இந்தப் பக்கத்தில் புள்ளி வைப்பது செய்வினை சம்பந்தப்பட்டதா என்று யாரையோ விசாரித்தாளாம். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: அந்த அங்கிள் எதுக்குக் கோவமாக இருக்கார், அதைச் சரி பண்ணாமல் நாம எப்படிப் புடவை எடுக்கிறது? நல்ல பிள்ளை. பெண் கொடுத்த இடம் மோசமில்லை.

மத்தியானத்துக்குள் கோர்ட் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. சின்னதுரை இறங்கினான். தட்டு இந்த முறை அவன் கையிலேயே இருந்தது. பின்னால் ஜெயம்மாளும் பொன்னுரங்கமும் தலையைக் குனிந்தபடி.

"அண்ணா, நீயே கட்டு" என்றான் சின்னதுரை. எகிறிக் குதித்தவன் குரல் தரையில் கிடந்தது. "எனக்கும் கோவம் வரும், நான் கத்துவேன், அஞ்சு நிமிசத்துல எறங்கிடும். ஒங்கோவம் வேற மாதிரிக் கீது. ஒரு வார்த்த இல்ல, திட்டு இல்ல. பாத்துப் பயந்துட்டேண்ணா."

காசிநாதன் தட்டை வாங்கி ஜப்பாரிடம் கொடுத்தார். யாரையும் திட்டவில்லை. "பத்திரிகைய திருப்பி அடிக்கச் சொல்லு" என்று மட்டும் பொன்னுரங்கத்திடம் சொன்னார். அடித்தார்கள். இடம் இருந்தது.

கல்யாணத்தன்று குழுவில் இருந்த அத்தனை பேரும் காலையிலிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், போனை எடுத்துவிடுவாரோ என்று. மேளம் முழங்கியது. முதல் வரிசையில் ஜப்பார் தன் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசிநாதன் மேடையேறி, கோமுகியின் நெற்றியில் தகட்டை வைத்து, கயிற்றைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். கை நடுங்கவில்லை. பழகிய முடிச்சு, பாய் தலையைவிட மருமகள் தலை சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். கோமுகி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அவருக்கும் தண்ணீர்தான்.

மேடையை விட்டு இறங்கும்போது ஜெயம்மாள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "கோவம் போச்சாண்ணா?" என்று கேட்டாள்.

இல்லம்மா, எனக்கு என்ன கோபம் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. அத்தனை வருஷப் பழக்கம். அவர் தங்கச்சி முகத்தைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போவல ஜெயா" என்றார். "கோவமாத்தான் கீறேன். ரொம்ப."

ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரிண்ணா" என்றாள். பிறகு அண்ணன் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனாள். அவருக்கு முதல் இலை போட்டார்கள். சித்தி இருசம்மாள் எங்கிருந்தோ தட்டுத் தடுமாறி வந்து, அவர் வலது பக்கமாகக் குனிந்து, "பாயசம் ஊத்தச் சொல்லட்டாடா?" என்று கேட்டாள்.

"எடது பக்கம் வந்து கேளு சித்தி" என்றார் காசிநாதன்.

அவள் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்று, மெதுவாகக் கேட்டாள். ஊத்தச் சொன்னார். காப்பி ஆறிப்போய் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு, சூடாக வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார்.